நாவின் முடிச்சும் கருவியின் குரலும்

(குத்தம்பாக்கத்தில் நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், பேச்சுக் கருவியின் வாயிலாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே. அவனுடைய சாந்தியும் சமாதானமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

சங்கைக்குரிய உலமாப் பெருமக்களே! மதிப்பிற்குரிய முத்தவல்லி அவர்களே! நிர்வாகக் குழுவினரே! ஜமாஅத்தின் பெரியோர்களே, இளைஞர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

இப்போது தாங்கள் செவியுற்ற ஸலாம் எமது தம்பியின் குரல். இக்கருவி தமிழை ஓரளவு நன்றாகவே வாசிக்கும். ஆனால் ஸலாமைச் சொல்லச் சொன்னால் எழுத்துகளைக் கடித்துத் துப்பும். அதைக் கேட்டுச் சிறுவர்கள் சிரித்தார்கள்; அவர்கள் மீது குற்றமில்லை. ஆகவே ஸலாம், அதற்குரிய பதில், பிஸ்மில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் ஆகிய சொற்களை மட்டும் தம்பியின் குரலில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். மற்றவை யாவும் கருவியின் குரல். சொற்கள் எம்முடையவை. பிறவியிலேயே மூளை முடக்குவாதம் என்னும் நிலை வாய்த்ததால், எமது வலக்கையின் ஒரு விரலே எழுதுகோலாகவும் நாவாகவும் அமைந்துள்ளது. இவ்வுரையை எழுதி முடிக்கப் பதினொரு நாட்கள் ஆயின. எனவே அவசரப்படாமல் கேட்குமாறு வேண்டுகிறோம்.

பேச இயலாதோர் என்போர் யாவர்?

பேச்சு இல்லை என்றதும் பலரும் காது கேளாதவர்களையே நினைக்கிறார்கள். காது நன்றாகக் கேட்டு, அறிவும் தெளிவாக இருந்து, நாவும் உதடும் தொண்டையும் மட்டும் சொன்னபடி கேளாதோர் உண்டு. மூளை முடக்குவாதத்தில் பிறந்த குழந்தைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர், பக்கவாதத்தில் வாய் குழறிப் போன பெரியவர்கள், தொண்டைப் புற்றுநோயால் குரல்வளை அகற்றப்பட்டவர்கள், தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நரம்பு நோய்க்கு ஆளானவர்கள் என இப்பட்டியல் நீளும். இவர்களுள் சிலர் பிறப்பிலேயே இவ்வாறானவர்கள். பலர் ஐம்பது அறுபது ஆண்டுகள் கணீரெனப் பேசிவிட்டு ஒரு நாள் காலையில் குரலை இழந்தவர்கள். ஆகவே இது எங்களைப் போன்ற சிலருடைய விஷயம் மட்டுமன்று. இச்சபையில் இருக்கும் எவர் வீட்டிலும் நாளை நேரக்கூடியதாகும்.

இவர்களுக்காக உலகில் பலவகை வழிகள் ஏற்பட்டுள்ளன. படமும் எழுத்தும் அச்சிட்ட ஓர் அட்டை முதற்படி. தொட்டால் குரல் கொடுக்கும் மின்னணுக் கருவி அடுத்த படி. கை அசையாதவர்களுக்கு ஒரே ஒரு பொத்தான் போதும்: கருவி ஒவ்வொரு படத்தின் மீதும் வரிசையாக வெளிச்சம் காட்டிச் செல்லும்; வேண்டிய படம் வரும்போது தலையாலோ முழங்கையாலோ பொத்தானை அழுத்தினால் அந்தச் சொல் ஒலிக்கும். கண் பார்வை எங்கே நிலைக்கிறது என்பதைக் கண்டறிந்து பேசும் கருவிகளும் உள்ளன.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கைத் தாங்கள் அறிவீர்கள். 1985-ஆம் ஆண்டு ஜெனீவா சென்றிருந்தபோது நிமோனியா கண்டு, உயிரைக் காக்கத் தொண்டையில் துளையிட நேர்ந்தது. எஞ்சியிருந்த பேச்சும் அதோடு போயிற்று. அதன்பின் வால்ட் வோல்டோஸ் என்பவர் உருவாக்கிய கணினி நிரலைக் கொண்டு, முதலில் கைவிரலாலும், விரலும் ஓய்ந்தபின் கன்னத்துத் தசையின் அசைவாலும் சொற்களைத் தேர்ந்தெடுத்து, 2018-இல் மறையும் வரை உலகத்தோடு பேசினார். அவருடைய அந்த இயந்திரக் குரலுக்கு மூலமாக இருந்தது டென்னிஸ் கிளாட் என்ற அமெரிக்க ஆய்வாளரின் சொந்தக் குரல். புற்றுநோயால் தமது குரலே மங்கி வந்த காலத்தில் பிறருக்குக் குரல் ஆக்கிக் கொடுத்த அம்மனிதர் 1988-இல் இறந்தார். பிற்காலத்தில் இனிமையான குரல்கள் பல வந்தபோதும் ஹாக்கிங் அந்தப் பழைய குரலை மாற்ற மறுத்துவிட்டார். அது அவருடைய குரலாகவே ஆகிவிட்டிருந்தது. இதன் பொருள் எங்களுக்கு நன்கு விளங்கும்.

சென்னையில் பிறந்த ஒரு குரல்

இவையெல்லாம் வெளிநாட்டாருக்கு வாய்த்தவை, நமக்கு எங்கே என்று எமது சிறு வயதில் பெரியோர் கூறுவதுண்டு. அன்று அது உண்மைதான். இறக்குமதிக் கருவியின் விலை லட்சக்கணக்கில் இருந்தது. அதுவும் ஆங்கிலம் மட்டுமே பேசிற்று.

கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் என்னும் நிறுவனம் உள்ளது. பூனம் நடராஜன் அம்மையாரால் 1985-இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள பிள்ளைகளின் தேவையைக் கண்டு, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன் என்னும் இளம் பொறியாளர், அந்நிறுவனத்தாரோடு சேர்ந்து உழைத்து, ஒரு பேச்சுக் கருவியை உருவாக்கி 2010-ஆம் ஆண்டு வாக்கில் வெளியிட்டார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'ஆவாஸ்'. உர்தூ தெரிந்த நமது ஜமாஅத்தாருக்கு அதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை: குரல். 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப இதழ் தேர்ந்தெடுத்த, 35 வயதுக்குட்பட்ட புதுமையாளர் 35 பேரில் அவரும் ஒருவர். தனிப் பெட்டியாக வந்த ஆவாஸ் பின்னர் ஐ-பேடிலும், அதன்பின் சாதாரண டேப்லெட்டிலும் இயங்கும் செயலியாக மாறியது. அந்நிய நாட்டில் தேடியது, பூந்தமல்லியில் ஒரு பேருந்தும் கிண்டியில் ஒரு பேருந்தும் மாறிச் செல்லும் தூரத்திலேயே பிறந்திருக்கிறது!

அரசு நிறுவனமும் உண்டு. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்குகிறது.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட விரும்புகிறோம். "கருவியைக் கொடுத்தால் குழந்தை பேச முயலாமலே சோம்பிவிடும்" என்று எங்கள் அம்மாவிடம் பலர் கூறினார்கள். பிற பெற்றோரிடமும் இவ்வாறே கூறப்படுகிறது. இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் வெளியான ஓர் அறிக்கையின்படி, கருவியோ அட்டையோ பயன்படுத்தியதால் பேச்சுக் குறைந்தவர் அந்த ஆய்வுகளில் ஒருவரும் இல்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவேனும் பேச்சுக் கூடியிருந்தது. ஊன்றுகோல் கொடுத்தால் நடை கெடும் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

கருவியோடு வாழ்தல்

கருவி கிடைத்த மறுநாளே பேச்சு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது ஒரு மொழியைக் கற்பதற்கு ஒப்பானது. வீட்டாரும் கூடவே கற்க வேண்டும்.

கருவியில் முதலில் இருந்த படங்கள் எம் வீட்டுப் படங்களாக இல்லை. அப்பம், ரொட்டி, பூங்கா எல்லாம் இருந்தன. நோன்புக் கஞ்சி இல்லை. ஸஹர் இல்லை, மக்தப் இல்லை, அத்தா என்ற சொல் இல்லை. அம்மாவும் தம்பியும் ஒவ்வொன்றையும் படம் பிடித்துச் சேர்த்தார்கள். அதன்பின்தான் அது எங்கள் வீட்டுக் கருவியாயிற்று. படத்தைத் தொட்டால் 'பள்ளி', 'போ' என்று அடிச்சொற்களே வரும். 'பள்ளிக்குப் போகிறேன்' என்று சொல்ல விகுதிகளைச் சேர்க்க வேண்டும். ஒரு சொல்லுக்குப் பின்னால் பலவற்றை ஒட்டிக்கொண்டு போகும் நமது தமிழ், ஒற்றை விரலுக்குப் பெரும் உழைப்பு. எழுத்துக் கூட்டி முழுமையாக எழுதினாலோ, அது புத்தகத் தமிழாக ஒலிக்கும். தண்ணீர் கேட்டாலும் மேடைப் பேச்சாளர் கேட்பதுபோல் இருப்பதாகத் தம்பி கேலி செய்வான்.

வாயால் பேசுவோர் நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது சொற்கள் என எளிதாகப் பேசுகிறார்கள். கருவியால் பேசுவோருக்குப் பத்துச் சொற்களே பெரும்பாடு. எனவே நாங்கள் ஒரு பதிலை எழுதி முடிப்பதற்குள் சபையில் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது. எழுதியதை அழித்துவிடுகிறோம். இப்படி அழித்த வார்த்தைகளைச் சேர்த்தால் ஒரு புத்தகம் ஆகும்.

மற்றொரு வருத்தம், எங்களை அருகில் வைத்துக்கொண்டே எங்களைப் பற்றிப் பிறரிடம் கேட்பது. "இவருக்குச் சாப்பாடு ஆயிற்றா?" "இவர் என்ன படித்திருக்கிறார்?" என்று தம்பியிடம் கேட்கிறார்கள். பேச்சில்லாதவர்க்கு அறிவும் இல்லை என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ் என்னும் அம்மையார் மூளை முடக்குவாதம் உடையவர், நன்கு கற்றவர். 2012-இல் ஒரு விமானத்திலிருந்து அவரைப் பயணத்துக்குத் தகுதியற்றவரெனக் கருதி இறக்கிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்; 2016-இல் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. அதே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடர்பு கொள்ளுதல் என்பதற்குப் பொருள் கூறும்போது வாய்ப்பேச்சுக்கு மாற்றான முறைகளையும் அதில் சேர்த்தே கூறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணத்துக்காக வேறோர் ஊருக்குச் சென்றிருந்தோம். பள்ளிவாசல் முகப்பில் 'செல்போனை அணைத்து வைக்கவும்' என்ற பலகை இருந்தது. நல்ல அறிவிப்புத்தான். எமது கருவியும் டேப்லெட் வடிவில் இருப்பதால், தொழுகை முடிந்து வெளித் திண்ணையில் ஒரு பெரியவரின் ஸலாமுக்குப் பதில் கூற முற்பட்டபோது, மற்றொருவர் அதைக் கையிலிருந்து வாங்கி அணைத்துவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் கருவியை வாங்கிய பின், அது என்ன கருவி என்பதை அவருக்குச் சொல்ல எம்மிடம் வேறு நாவு இல்லை. ஸலாமுக்குப் பதில் கூறாதவராகவே அன்று அங்கிருந்து திரும்பினோம்.

தீன் காட்டும் வழி

பேச்சின் தடுமாற்றத்தை இஸ்லாம் இழிவாகக் கண்டதில்லை. மூஸா நபி (அலை) அவர்கள் தமது நாவில் உள்ள முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சினார்கள். எதற்காக? மக்கள் தமது பேச்சை விளங்கிக் கொள்வதற்காக. சொல்வன்மையால் புகழ் பெறுவது அவர்களின் நோக்கமன்று. உதவிக்குத் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் கேட்டார்கள், இறைவன் வழங்கினான். தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்று அவர்களை இகழ்ந்தவன் யார்? ஃபிர்அவ்ன்! இதை நாம் மறக்கலாகாது.

ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் மூன்று நாட்கள் மக்களிடம் சைகையால் மட்டுமே பேசினார்கள். அன்னை மர்யம் (அலை) அவர்கள், ஊரார் பழித்துச் சூழ்ந்தபோது வாய் திறவாமல் குழந்தையைச் சுட்டிக் காட்டினார்கள். அந்தச் சுட்டுதல் ஒரு முழு மறுமொழியாக இருந்தது.

புகாரியில் ஒரு செய்தி வருகிறது. ஒரு சிறுமியின் தலை கல்லால் நசுக்கப்பட்டு, அவள் பேச இயலாமல் கிடந்தாள். இன்னார் செய்தாரா, இன்னார் செய்தாரா என்று ஒவ்வொரு பெயராகக் கேட்கப்பட்டது. குற்றவாளியின் பெயர் வந்தபோது தலையசைத்தாள். அவன் கொண்டுவரப்பட்டு, விசாரணையில் ஒப்புக்கொண்டான். ஒவ்வொன்றாகச் சொல்லி, 'ஆம்' என்ற அடையாளத்துக்காகக் காத்திருக்கும் இம்முறையை இன்று மருத்துவ நிறுவனங்களில் பயிற்சியாகவே கற்பிக்கிறார்கள். பேச்சில்லாச் சிறுமியின் தலையசைப்புக்கு நபிகளார் (ஸல்) காலத்து மதீனா செவி கொடுத்தது.

நமது ஃபிக்ஹு நூல்களும், பேச இயலாதவரின் தெளிவான சைகையைக் கொண்டு அவருடைய திருமணமும் கொடுக்கல் வாங்கலும் நிறைவேறும் என்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பின் 70-ஆவது விதி, ஊமையின் அறியப்பட்ட சைகை வாய்மொழிக்கு நிகரானது என்ற கருத்தைக் கூறுகிறது. தொழுகையில் ஓதுவதற்குக் கருவி ஈடாகுமா என்பது போன்ற வினாக்களை உலமாப் பெருமக்களிடம் விட்டுவிடுகிறோம். குத்பா வேளையில் மற்றவர் நாவு அடங்கியிருப்பது போலவே எமது கருவியும் அடங்கியிருக்கும் என்பதை மட்டும் உறுதியளிக்கிறோம்.

அத்தாவின் கடன்

இனிக் கூறப்போவது எங்கள் வீட்டுச் செய்தி. பலரும் அறியாதது, அம்மாவின் அனுமதியோடு கூறுகிறோம்.

எமது ஏழு வயதிலிருந்து அத்தா எம்மைத் தோளில் சுமந்து கோட்டூர்புரம் வரை கொண்டு சென்றவர். அத்தாவுக்குப் பக்கவாதம் கண்டபோது, அவருடைய நாவும் தொண்டையும் அடியோடு நின்றுவிட்டன. பக்கவாதத்தில் சிலருக்குச் சொற்களே மனத்திலிருந்து நழுவிவிடும். அவர்களுக்கு எழுத்து அட்டையும் அதிகம் உதவாது. அத்தாவுக்கு அப்படியில்லை. எல்லாம் விளங்கிற்று. ஆனால் கையும் எழவில்லை, குரலும் எழவில்லை. ஏதோ சொல்ல வேண்டித் துடித்தார். தண்ணீரா, வலியா, தலையணையா என்று கேட்டோம். எதுவும் இல்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. மருத்துவமனையில் இருந்தவர்கள் நோயின் எரிச்சல் என்று தூக்க மருந்து கொடுத்தார்கள்.

அந்தத் துடிப்பை அறிந்தவர் அந்த அறையில் நாம் ஒருவரே. தம்பியிடம் கருவியால் கூறினோம்: "எழுத்து அட்டை செய்." தமிழ் எழுத்துகள் 247-ஐயும் எழுதினால் அட்டை கொள்ளாது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 போதும். முதலில் மெய்யைக் காட்ட வேண்டும், பின்னர் அதனோடு சேரும் உயிரைக் காட்ட வேண்டும். அம்மா வரிசை வரிசையாக விரல் வைத்துக் கேட்டார்கள். 'ஆம்' என்றால் கண்ணை மூடித் திறக்க வேண்டும். முதல் நாள் மூன்று எழுத்துகளோடு களைத்துவிட்டார். 'க', 'ட', 'ன்'.

நான்கு நாட்களில் ஒரு பெயரும் ஒரு தொகையும் வந்தன. வெள்ளவேட்டில் ஒருவரிடம், எமது முதல் கருவியை வாங்குவதற்காக அத்தா கைமாற்றாகப் பெற்ற தொகை. எழுத்தில்லை, சாட்சியில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கடனோடு போய்விடுவோமோ என்ற அச்சமே அவரை வாட்டியிருந்தது. தம்பி சென்று கொடுத்துவிட்டு வந்தான். அதை அத்தாவின் காதில் அம்மா சொன்னபோது, அவர் கண்ணை நீண்ட நேரம் மூடித் திறந்தார். அதன்பின் ஒன்பது நாட்கள் அமைதியாக இருந்து, இறைவனின் நாட்டப்படி மறைந்தார். கடனின்றி அவருடைய ஜனாஸா எழுந்தது. அதற்கு ஆன செலவு, ஓர் அட்டையும் ஒரு மை பேனாவும்.

எமது வேண்டுகோள்கள்

1. எங்களிடம் கேட்க வேண்டியதை எங்களிடமே கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள். நாங்கள் எழுதிக் கொண்டிருக்கும்போது வாக்கியத்தை நீங்களே முடித்துவிட வேண்டாம்.

2. நமது பள்ளிவாசலின் கைப்பேசி அறிவிப்புப் பலகையில் 'பேச்சுக் கருவிகள் நீங்கலாக' என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டுகிறோம்.

3. மக்தபில் பேச்சு வராத பிள்ளை ஒருவர் வந்தால் திருப்பி அனுப்பாமல், படங்களும் எழுத்துகளும் கொண்ட அட்டையின் உதவியால் கற்பிக்க உஸ்தாதுமார்களுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

4. 31 எழுத்துகளும், 'வலி', 'தண்ணீர்', 'மூச்சு', 'கடன்', 'வஸிய்யத்', 'ஆம்', 'இல்லை' போன்ற சொற்களும் கொண்ட அட்டைகளை ஜமாஅத் செலவில் அச்சிட்டு, அலுவலகத்தில் வைத்திருந்தால், நோயுற்றோர் வீட்டுக்கு உடனே கொடுத்து உதவலாம். மாதிரி அட்டையை நாங்களே தயாரித்துத் தருகிறோம்.

5. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கருவி வாங்க பைத்துல்மாலிலிருந்து உதவுவது பற்றி உலமாக்களின் ஆலோசனை பெற்று முடிவு செய்ய வேண்டுகிறோம். அரசு உதவிகளைப் பெற விரும்புவோர் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். மனு எழுதித் தரத் தம்பி ஆயத்தமாக இருக்கிறான்.

பெரியோர்களே! பார்வையற்றோர் பயிலும் அரசுப் பள்ளி நமக்கு அருகே பூந்தமல்லியில் பல்லாண்டுகளாக உள்ளது. அங்கிருந்து வெண்கோல் ஊன்றி வரும் ஒருவருக்குச் சாலையில் வழிவிட நம் மக்கள் கற்றிருக்கிறார்கள். அதே போன்று, சொல் ஊன்றி வரும் எங்களுக்கும் சபையில் சற்று வழிவிடுங்கள். நாங்கள் மெதுவாகத்தான் வருவோம். ஆயினும் வந்து சேர்ந்துவிடுவோம்.

பேசும் நாவுகளுக்கு உண்மையையும், பேசாத நாவுகளுக்குச் செவிகளையும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக! எங்கள் அத்தாவுக்கும், நம்மில் முன் சென்ற அனைவருக்கும் மன்னிப்பை அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம். (இதுவும் தம்பியின் குரலே.)